உருளைக் கட்டு

சோழவரத்திலிருந்து வரும் தயாளன் வண்டி
விடிவதற்குள் கொருக்குப்பேட்டை கேட்டைத் தாண்டியாக வேண்டும்.
கூட்ஸ் வந்து நின்றுவிட்டால் நாற்பது நிமிஷம்.
அதுவரை என் நாலு மாடும்
சினிமா போஸ்டரைத் தின்னும்.

முன்னே வந்தது கைக்கட்டு.
வைக்கோலையே முறுக்கி வைக்கோலைக் கட்டியிருக்கும்.
அடி ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம்.
உதறினால் சில நாள் ஏதாவது விழும்:
ஊக்கு, பாதி வெற்றிலை,
ஒருமுறை கருக்கரிவாள் ஒன்று,
பிடியில் சூடுபோட்டு எழுதிய ‘மு’.
திருப்பிக் கொடுத்தனுப்பினேன்.

இப்போது வருவது உருளை.
மெஷின் அறுத்துத் துப்பியதை
இன்னொரு மெஷின் சுருட்டி
நீலக் கயிற்றால் இறுக்கியது.
“ஏக்கருக்கு ஒரு மணி நேரம்ணா” என்கிறான் தயாளன்.
“ஆத்தூர்லேர்ந்து வண்டி வருது,
மழைக்கு முன்னாடி முடிஞ்சிடுது.
ஆளுக்கு எங்க போறது?”
மழையை நானும் பார்த்திருக்கிறேன்.
ஒன்றும் சொல்லவில்லை.

முதல் மாசம் செவலை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பியது.
டீசல் நாற்றம் என்றேன். தயாளன் சிரித்தான்.
இரண்டாம் மாசம் தின்றது, கயிற்றையும் சேர்த்து.
வேப்பேரி ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்து
ஒரு பந்து நீலம் எடுத்துக் கையில் கொடுத்தார்கள்.
அலசி, சிக்கெடுத்து, நீட்டிக் கட்டினேன்.
எங்கள் வீட்டுத் துணி அதில்தான் காய்கிறது.

பால் வாங்க வருகிற அஞ்சலாட்சி
மணலி கண்டெய்னர் யார்டில் பெருக்குகிறவள்.
மீஞ்சூர்ப் பக்கம் பதினாறு போகம் அறுத்தவளாம்.
புரட்டாசியில் ஒருநாள்
சொம்பைக் கீழே வைத்துவிட்டு
உருளையிலிருந்து ஒரு பிடி உருவினாள்.
உள்ளங்கையில் கசக்கி ஊதினாள்.
பதினோரு நெல்.
“பாருண்ணா, வுட்டுட்டுப் போயிக்குது.
மெஷினுக்குக் கூலி நெல்லு வோணாமில்ல.”
எனக்குச் சிரிப்பு வந்தது,
அவளுக்கு வரவில்லை.

யாராவது கூப்பிட்டா திரும்பப் போவியா என்றேன்.
“எட்டு மணி நேரமும் நிமிந்து நிக்கறேன் இப்ப.
முதுகு இப்பதான் என்னுதாச்சு.”
பிறகு, கால் லிட்டருக்குச் சில்லறை எண்ணியபடி,
“ஆனா இருவது பொம்பளைங்க
பேசிக்கினே அறுப்போம்” என்றாள்.

நெல்லை எங்கே போட்டாளோ தெரியாது.
தை பிறந்து பார்க்கிறேன்,
தொழுவத்துத் தண்ணீர் ஓடுகிற கால்வாய் விளிம்பில்
சாணிக்கும் பால் கவருக்கும் நடுவே
ஏழு தாள். நாலில் கதிர்.
தெருப் பையன்கள் புல் என்றார்கள்.
நான் திருத்தவில்லை.
ஞாயிற்றுக்கிழமை அவளிடம் காட்டலாம் என்றிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம்
தும்பு அவிழ்ந்த செவலை அங்கே போய் நின்றது.
ஒரே நாக்கு.
ஒரு மணி நேரமெல்லாம் ஆகவில்லை.
தையல் தழும்பு அசைய அசைய
வெயிலில் நின்று மென்றது.