மலைக் காட்சி, இருபது ரியால்

அந்தச் சொல்லை நான்தான் முதலில் அடித்தேன்.

சோஹாரிலிருந்து நாற்பது நிமிடம் உள்ளே
வாதி சுமைரில் ஹுமைத் அர்பாபின் வாடகை அலுவலகம்.
ஒரு கணினி, ஒரு ஸ்டாப்ளர், நான்.
பழைய சுரங்கக் குடியிருப்பு,
எண் ஒன்று முதல் இருபத்தாறு வரை.
அறைக்கு ஒரு சமையல் மூலை,
மேற்கே ஒரு ஜன்னல்.

செம்பு தீர்ந்த வருடம்
யாரும் விலை கேட்கவில்லையாம்.
ஏசியைக் கழற்றிய ஓட்டைகளில்
புறா முட்டையிட்டதாம்.
"மாதம் பதினைந்து கொடு, முடியாவிட்டால் சும்மா இரு,
ஆள் இருந்தால்தான் கூரை நிற்கும்"
என்று அர்பாபின் தகப்பனார் சாவியை நீட்டினாராம்.

பிறகு துறைமுகம் பெருத்தது.
சோஹாரில் கட்டில் ஒன்றுக்கே முப்பது என்றானதும்
வெல்டர்கள் இங்கே வந்தார்கள்.
வெல்டர்களைத் தள்ளிக்கொண்டு மேற்பார்வையாளர்கள்,
அவர்களுக்கும் பின்னால்
வாரக் கடைசியைக் கழிக்க மஸ்கட் கார்கள்.
முப்பத்தைந்து. ஐம்பது. அறுபத்தைந்து.
எக்செலில் ஒரு கட்டத்தைப் பிடித்து இழுத்தால்
இருபத்தாறு வரைக்கும் தானே நிரம்பிவிடும்.
கை வலிக்காத வேலை.

மார்ச்சில் அர்பாப் கேட்டார்,
இன்னும் என்ன சேர்க்கலாம்?
வெளியே பார்த்தேன்.
கன்னங்கரேலென்று, திமிலோடு,
காலை வெயிலைச் சுமந்துகொண்டு நின்றது.
"மலைக் காட்சி" என்று அடித்தேன்.
இருபது ரியால்.

நோட்டீஸை நாலாக மடித்துக்கொண்டு
பதினொன்றிலிருந்து வந்தார் செவத்தியான்.
விளாத்திகுளம் பக்கம். இப்போது தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறார்.
"தமிழ்ல சொல்லு தங்கச்சி, என்ன போட்டுருக்கு?"
நானே அடித்ததை
யாரோ அடித்த மாதிரி படித்துச் சொன்னேன்.

"எந்த மலை?"

"ஜன்னல்ல தெரியுதே, அதுதாண்ணே."

"அது மலையில்ல தங்கச்சி, கசடு.
உலையில செம்ப எடுத்தபெறகு மிஞ்சுனது.
ஒம்பது வருசம், ராத்திரி ஷிப்டு,
டம்பர்ல கொண்டுபோயி நாந்தான் கொட்டுனேன்.
மேல ஒரு திமிலு தெரியுது பாரு,
அன்னைக்கு பிரேக்கு பிடிக்கல,
பயத்துல அங்கனயே கவுத்துட்டு எறங்கி ஓடிட்டேன்.
ஒரு நடைக்கு நானூறு பைசா."

விரல்களைத் தொட்டு எண்ணினார்.

"இருபது ரியாலுன்னா அம்பது நடை.
மாசாமாசம் அம்பது நடை நான் திருப்பிக் குடுக்கணுமா?"

பதில் என்னிடம் இல்லை.
ஸ்டாப்ளரை நகர்த்தி வைத்தேன்.

"சரி விடு. எனக்குக் காட்சி வேண்டாம்.
அதக் கழிச்சுட்டுச் சொல்லு.
ஜன்னல நான் அடைச்சுக்கிடுறேன்."

அர்பாபிடம் போய்ச் சொன்னேன்.
கண்ணில் நீர் வரச் சிரித்தார்,
அவருக்கென்று ஒரு டப்பா பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பினார்.
நல்ல மனிதர்தான்.
பார்க்காதவர்களுக்கு என்று
எக்செலில் கட்டம் கிடையாது.

எங்கள் ஃப்ளாட்டின் ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது.
அதில் "கடலுக்கு அருகே" என்று இருக்கிறது.
இரண்டு பெரிய சாலைகளும் ஒரு குடோனும் தாண்ட வேண்டும்;
மகள் இன்னும் கடலில் கால் நனைக்கவில்லை.
அதை அடித்தவள் யாரோ,
அவளுக்கும் ஒரு ஜன்னல் இருந்திருக்கும்.

மறு வாரம் வசூலுக்குப் போனேன்.
இருபத்தைந்து கண்ணாடிகளிலும்
கசடு மினுங்கிக்கொண்டிருந்தது,
சொன்னால் என்ன, அழகாகத்தான் இருந்தது.
பதினொன்றில் மட்டும் ஃபிரிட்ஜ் அட்டை.
இந்தப் பக்கம் மேலே என்று காட்டும் இரண்டு அம்புகள்;
அட்டையைத் தலைகீழாக ஒட்டியிருந்தார்.
இந்த வட்டாரத்தில்
கீழே பார்க்கும் அம்புகள் அவை மட்டும்தான்.

கதவைத் தட்டினேன்.
ரசீதுப் புத்தகத்தைத் திறந்து எழுதினேன்,
எண்பத்தைந்து.