வெயிட்

போச்சம்பள்ளி ரோட்டில்
மாம்பழக்கூழ் கம்பெனியின் எடைமேடையில் வேலை.
கண்ணாடிக் கூண்டு, ஒரு ஃபேன், ஒரு மைக்.
ஆனி பிறந்தால்
கேட்டிலிருந்து பெட்ரோல் பங்க் வரை டிராக்டர்கள்.
தார்ப்பாய்க்குக் கீழே பெங்களூரா வியர்க்கும்.
நாள் முழுக்க மைக்கில் நான் சொல்வது
வெயிட் பண்ணுங்க.

தமிழில் எழுதினால்
எடைக்கும் வெயிட், நிற்பதற்கும் வெயிட்.
இங்கிலீஷில் எழுத்து வேறு.
வாய்விட்டுச் சொன்னால்
அவர்களாலும் பிரிக்க முடியாது.

பாய்லர் பழுதாகி
வரிசை அப்படியே உறைந்த ராத்திரி
போனில் அகராதியைத் திறந்தேன்.
(அஞ்சல் வழியில் எம்.ஏ. இங்கிலீஷ்,
இதற்காவது உதவட்டும்.)
நிற்கச் சொல்லும் அந்த வினைச்சொல்
பழைய பிரெஞ்சிலிருந்து வந்ததாம்.
அங்கே அதற்குச் சும்மா நிற்பது பொருளில்லை.
கண்கொட்டாமல் பார்ப்பது.
எதிரி வருகிறானா என்று
பதுங்கிக் கிடப்பது.
இன்னும் தோண்டினால்
விழித்திருத்தலும் அதுவும் ஒரே வேர்.

நம்முடையதும் அப்படித்தான் போலிருக்கிறது:
காத்து, இரு.
இத்தனை வருஷம் இரண்டாம் பாதியை மட்டும்
மைக்கில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெளியே முப்பத்தேழாம் டோக்கன்,
பர்கூர்ப் பக்கத்துத் திம்மராயன்
டிரெய்லர் மேல் டார்ச்சோடு குந்தியிருந்தார்.
ஒவ்வொரு காயாக முகர்ந்து
கருத்ததை ரோட்டோரம் எறிந்தார்.
தொப்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
தொப். தொப்.

மூன்றாம் நாள் காலை மேடையேறியது வண்டி.
கிளம்பும்போது ஊரில் போட்ட எடைச்சீட்டை
கூண்டின் ஓட்டை வழியாக நீட்டினார்.
வண்டியோடு ஆறாயிரத்து நூற்றெண்பது.
என் திரையில்
ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதில்
சிவப்பு எண்கள் ஆடி நின்றன.

"மேடம், வெயிட் பண்ணச் சொன்னீங்க.
பண்ணேன்.
வெயிட்டு எங்க போச்சு?"

பதிலுக்கு என்னிடம்
கொஞ்சம் பிரெஞ்சு இருந்தது.
பட்டனைத் தட்டினேன்.
பிரிண்டர் கிறீச்சிட்டு முதல் சீட்டைத் துப்பியது.
போர்டில் நேற்றைய ஐந்தை அழித்து
கிலோ நாலு என்று எழுதிக்கொண்டிருந்தான்
சூப்பர்வைசர் பையன்.
அவர் அதையும் பார்த்தார்.

லோடு இறக்கிவிட்டு மதியம் வந்தார்.
காலி வண்டியையும் எடை போட்டால்தான் கணக்கு.
முன்னால் பதினொரு காலி வண்டிகள்.
இன்ஜினை அணைத்துவிட்டு
கூண்டையே பார்த்தபடி இருந்தார்.

மைக்கை அழுத்தினேன்.
காகிதத்தில் ஊதுவதுபோல் என் மூச்சு
ஸ்பீக்கரில் கேட்டது.
வேறு வார்த்தை கிடைக்குமா என்று பார்த்தேன்.
வரிசை முழுக்கத் தலை தூக்கியது.

வெயிட் பண்ணுங்க.