சரி செய்யப்பட்டது

கோச்சா முன்பெல்லாம் அறிக்கையைக்
கடிதம் போல எழுதுவான்.
"வர்க்கெத்திலி, பதினாறு மாடி, இரண்டாம் வாசல்.
லிஃப்டின் காசுப் பெட்டியில் யாரோ
சட்டைப் பொத்தானைப் போட்டிருக்கிறார்கள்.
நல்ல பொத்தான். இத்துடன் இணைத்துள்ளேன்."
இணைத்தும் இருந்தான், ஒட்டுநாடாவில்.
"க்ல்தானி. ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே
ஒரு மாமியார், ஒரு மருமகன், ஒரு சலவை இயந்திரம்.
மூவரையும் இறக்கிவிட்டேன்.
சண்டை போடாதது இயந்திரம் மட்டும்."

மார்ச்சில் அறிக்கைகள் ஒற்றை வரியாயின.
மே மாதம் இரண்டே சொல்:
சரி செய்யப்பட்டது.

எனக்கு மகிழ்ச்சிதான். அதை ஒளிப்பதில் பயனில்லை.
கோப்பு மெலிந்தது, அடுக்கச் சுலபம்.
ஆள் ஒருவழியாகப் பக்குவப்பட்டுவிட்டான் என்று
சூராபிடம் சொல்லக்கூடச் செய்தேன்.
ராத்திரி அழைப்புகள் எல்லாம் அவனுக்கே;
மாட்டேன் என்ற சொல் அவன் வாயில் வந்ததில்லை.
இழுக்கிற மாட்டுக்குத்தானே
இன்னொரு மூட்டை ஏற்றுவோம்.

ஜூனில் ஒரு சான்றிதழ் கொடுத்தேன்,
சட்டம் போட்டு, ஒரு குப்பி ஒயினோடு.
குப்பி இன்னும் அவன் மேசைக்கடியில் நிற்கிறது.
அதன் தோளில் தூசி.
ஜூலை வெயிலில் அவன் கம்பளிக் கோட்டோடு வந்ததையும்
மதியம் கைகழுவப் போனவன்
குழாயைத் திறந்துவிட்டு நீரையே பார்த்து நின்றதையும்
நான் பார்த்தேன்.
பார்த்தேன் என்பது மட்டும்தான்.

ஆகஸ்டில் ஒரு பெண் தொலைபேசியில் கத்தினாள்:
"நேற்றிலிருந்து நிற்கிறது, யாரும் வரவில்லை!"
கோப்பைப் புரட்டினேன். அவள் முகவரி, அதே தேதி,
சரி செய்யப்பட்டது.

எச்சரிக்கைக் கடிதத்தைத் தட்டச்சு செய்து
பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.
அந்தக் கட்டடத்தின் எதிரிலேயே நின்றது எங்கள் வேன்.
இயந்திரம் அணைந்திருந்தது. உள்ளே அவன்,
மடியில் கருவிப்பெட்டி,
பேருந்துக்குக் காத்திருப்பவன் போல.
"நேற்றும் வந்தேன், மக்வாலா,
வாசல்வரை வந்தேன்.
வேன் கதவைத் திறக்கத்தான் முடியவில்லை."

பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன்.
சொல்ல வைத்திருந்தவை எல்லாம் பையில் இருந்தன.
அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன்.
மேலே நான்காம் மாடியில் யாரோ கம்பளம் தட்டினார்கள்.
எண்ணிக்கொண்டிருந்தேன், முப்பத்தொன்றுவரை.
எப்போதிலிருந்து என்று கேட்டேன்.
"பனிக்காலத்திலிருந்து. எழுதினேனே."

எழுதியிருந்தான்.
இருநூற்றுப் பதினோரு முறை
உள்ளே மாட்டிக்கொண்டவன் அழுத்துகிற
மணியை அழுத்தியிருக்கிறான்.
நான் ஒவ்வொரு ஒலியையும்
துளையிட்டு, தேதி போட்டு, அடுக்கியிருக்கிறேன்.

ராத்திரித் தொலைபேசியைக் கேட்டு வாங்கினேன்.
உடம்புச் சூடு அதில் இருந்தது.
ஆறு வாரம் வராதே என்றேன்.
சம்பளம் என்றான். வரும் என்றேன்,
எப்படி என்று எனக்கே தெரியாமல்.

முதலாளியோடு இரண்டு நாள் சண்டை.
நுத்சுபித்சே சாலைக் கட்டடங்களைக் கைவிட்டோம்;
அந்தப் பணம் போனது, போனதுதான்.
ராத்திரிகளை நானும் சூராபும் பங்கிட்டோம்.
எனக்குத் திருகுளி பிடிக்கவும் தெரியாது.
மூடிய கதவுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து
சூராப் வரும்வரை உள்ளிருப்பவரோடு பேசுவேன்.
ஒன்று கற்றேன்: "பயப்படாதீர்கள்" என்றால்
மூச்சு இன்னும் வேகமாகிறது.
"உங்களுக்கு அங்கே என்ன தெரிகிறது?" என்று கேட்டால்
கொஞ்சம் அடங்குகிறது.
இதை அவன் எத்தனை ராத்திரி
தனியாகச் செய்திருப்பான்.

அக்டோபரில் திரும்பினான். பகல் வேலை மட்டும்.
மெலிந்திருந்தான். சிரிப்பு வரவில்லை,
வருமென்று யாரும் வாக்குக் கொடுக்கவுமில்லை.
சாயங்காலம் மேசையில் முதல் அறிக்கை:
சரி செய்யப்
அதோடு ஒரு கோடு, அடித்திருந்தான்.
கீழே, எழுத்து சற்றுக் கோணலாக:
"ஆகவில்லை. வடம் தேய்ந்திருக்கிறது.
லிஃப்டைப் பூட்டி, பலகை மாட்டிவிட்டேன்.
நாளை ஒரு ஆள் துணைக்கு வேண்டும்.
ஐந்து மணி. வீட்டுக்குப் போகிறேன்."

மூன்று முறை படித்தேன்.
மேலாளர் கையொப்பம் என்ற இடத்தில்
கையெழுத்துப் போட்டேன்.
மணி ஐந்தேகால்.
சன்னலுக்கு வெளியே வேன் பூட்டிக் கிடந்தது,
உள்ளே யாரும் இல்லை.
எதற்கும் இறங்கிப் போய்
ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன்.