காரணம்: பாம்பு

தலைமையகத்துக்கு எங்கள் இடம்
வரைபடத்தில் ஒரு பச்சைக் கட்டம்.
தெலுக் இந்தானில் சாய்ந்த கோபுரத்தைத் தாண்டி
(அதற்கு இதுவரை யாரும் சிவப்பு போடவில்லை)
குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் இருபது நிமிடம் ஊர்ந்தால்
அந்தக் கட்டத்துக்குள் நான் இருக்கிறேன்:
மனிதவளப் பிரிவு, ஒரே ஆள்,
ஒரு மின்விசிறி.

ஜனவரியில் செயலி வந்தது.
ஆளுக்கொரு கைப்பேசி, இடுப்பில் கட்ட ஒரு வார்.
யார் எத்தனை மூட்டை, எந்த நிரை,
எங்கே நின்றார், எவ்வளவு நேரம் நின்றார்,
எல்லாம் அதற்குத் தெரியும்.
மாதக் கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று போடும்.
சிவப்பு விழுந்தால்
எச்சரிக்கைக் கடிதத்தையும் அதுவே எழுதிவிடும்,
மூன்று மொழியில், பிழையில்லாமல்.
என் வேலை கையெழுத்து.

திட்டுவதற்கும் இல்லை.
முன்பிருந்த மண்டோர் சந்திரகாசன்
சாராய வாடையோடு பேர் போடுவார்;
முகம் பிடிக்காதவர்களுக்கு அரைப்பேர்.
“இது தேவலாம்மா,” என்றாள்
உதிரிப்பழம் பொறுக்கும் ரெங்கநாயகி.
“இடுப்புல தொங்குது,
ஆனா இடுப்பப் பாக்காதுல்ல.”

அவளுக்குத்தான் முதல் சிவப்பு.
செயலற்ற நேரம்: தினமும் பதினொரு நிமிடம்.
இடம்: பதினான்காம் களம், ஓடைப்பக்கம்.
கூப்பிட்டுக் கேட்டேன்.
கொஞ்ச நேரம் என் நாட்காட்டியைப் பார்த்தாள்.
“ஒண்ணுக்குப் போறப்ப
அதக் கழட்டி மட்டையில மாட்டிடுவேன்.
மரத்தப் பாத்த மாதிரி திருப்பி வச்சிட்டு.
கண்ணு இருக்கோ இல்லியோ, யாரு கண்டா?”
அதற்குப் பதினொரு நிமிடமா என்றேன்.
“மறைவுக்கு ஓடையத் தாண்டணும்ல.”

திரையில் காரணங்களின் பட்டியல்:
மழை. காயம். கருவிப் பழுது. பாம்பு.
‘மற்றவை’ என்றால் கோலாலம்பூர் ஒப்புதல் வேண்டும்,
விளக்கம் ஐம்பது சொல்லுக்குக் குறையாமல்.
என்சிக் ரோஸ்லான் படிக்க
இதை எப்படி ஐம்பது சொல்லாக இழுப்பது?
பாம்பு என்று தட்டினேன்.

மறுநாளும் பாம்பு.
அடுத்த வாரம் பவளம் வந்து நின்றாள், ஒன்றும் சொல்லாமல்.
லொம்போக்கிலிருந்து வந்த சித்தி ஹாவா
கதவோரம் தலையை மட்டும் நீட்டி
“உலார், காக்” என்றாள்,
சிரிக்கவே இல்லை.

மார்ச் முடிவில் பதினான்காம் களத்தில்
அறுபத்து மூன்று பாம்புகள்.
பாம்பாட்டிக்கே அடுக்காத கணக்கு.
செயலி நம்பியது.
பச்சைக் கட்டத்தின் ஒரு மூலையை
தானே ஆரஞ்சாக்கி அபாயப் பகுதி என்றது.
ஏப்ரலில் வேன் வந்தது:
முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், நாற்பது ஜோடி.
எட்டு வருடமாக நாங்கள் கடிதம் எழுதிக் கேட்டது.

பெண்கள் அளவு இல்லை.
ரெங்கநாயகி பழந்துணி திணித்துப் போட்டுக்கொண்டு
டப்டப்பென்று ஓடையைத் தாண்டுகிறாள்.
கழிப்பறை என்றொரு சொல்
செயலிக்கு இன்னும் யாரும் சொல்லித்தரவில்லை.

இன்று காலை எனக்கும் ஒன்று வந்திருக்கிறது, மஞ்சள்.
தரவுத் துல்லியம்: தொண்ணூற்றெட்டு.
ஆனால் நேற்று இரண்டு பத்துக்கு
என் விசைப்பலகை நான்கு நிமிடம் அசையவில்லையாம்.
நினைவிருக்கிறது.
வேலை முடிந்து மூவரும் ஜன்னலோரம் போனார்கள்,
ஆறு பூட்ஸும் ஆறு திசையில்.
சிரித்துக்கொண்டிருந்தேன்.

காரணத்தைத் தேர்வு செய்யவும் என்கிறது.
அலுவலகப் பட்டியலைத் திறக்கிறேன்:
கூட்டம். மின்தடை. இணையத் தடங்கல்.

பாம்பு இல்லை.