உந்த

வாக்குச்சீட்டில் மூன்று பெயர்கள்.
முதலாவது ஹாலம்-ஃபெர்னி.
இரண்டாவது ஃபோர்க்ஸ்.
மூன்றாவது த ஃபோர்க்ஸ்.

ஒன்ராறியோவின் வடக்கில், ஆற்றின் இரண்டு பக்கமும் சேர்த்து
எங்கள் ஆட்கள் நூற்றுப் பதினொரு பேர்.
அவர்களுக்காக இந்தச் சீட்டைத் தமிழில் எழுத
மணிக்கு இருபத்தாறு டொலர்.
ஒலியை எழுதினால் போதாது, பொருளும் வேணும்
என்றாள் தேர்தல் அதிகாரி ஐனோ ஹகாலா.
சப்பாத்தைக் கழற்றி ஹீட்டரில் காய வைத்திருந்தாள்.

முள்ளுக்கரண்டி என்று எழுதினேன். வெட்டினேன்.
ஆறு இரண்டாய்ப் பிரிகிற இடம் என்று
இரண்டு விரலை விரித்துக் காட்டினாள்.
யன்னலால் பார்த்தேன்.
தண்ணி மறுவளமாய் ஓடிக்கொண்டிருந்தது.
இரண்டு ஆறு வந்து ஒன்றாகிற இடம் அது.
கூடல்
என்று எழுதினேன்.
மூன்றாவதுக்கும்
கூடல் என்றே எழுதினேன்.

ஒரே சொல் இரண்டு தரம் வந்திருக்கு என்றாள்.
எங்களிடம் அந்தக் குட்டிச் சொல் இல்லை என்றேன்.
பிறகு எப்படிக் குறித்துக் காட்டுவீர்கள்?
விரலால்.
அவள் சிரிக்கவில்லை.
போன கிழமை அரீனா வாசலில்
'த' வேணும் என்ற ஹாலம்காரனுக்கும்
வேண்டாம் என்ற ஃபெர்னிக்காரனுக்கும்
ஆளுக்கு நாலு தையல்.
பள்ளிக்கூடம், பனி வாரல், ஹொக்கி அணி
எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டு வந்தவர்கள்
இந்த ஓரெழுத்தில் காலை ஊன்றி நின்றார்கள்.

'அந்தக் கூடல்' என்று போடலாமா?
வீட்டில் சத்தமாய் வாசித்துப் பார்த்தேன்.
மில்லுக்கு இரவு வேலைக்கு வெளிக்கிட்ட குலசிங்கம்
"அந்த எண்டால் அங்காலைதானே" என்று
பாலத்துக்கு அப்பால் ஃபெர்னியைக் காட்டினான்.
ஃபெர்னியில் இருக்கிற ரூபவதியக்காவுக்கு
போன் எடுத்துக் கேட்டேன்.
அவவுக்கும் அங்காலைதான்.
போனில் விரல் தெரியாது.
அது எங்கள் வீட்டுப் பக்கம் நீண்டிருக்கும்.
'இந்த' என்று போட்டால்
இரண்டு கரையும் பிடுங்கிக்கொள்ளும்.

இரவு ஒரு மணி.
ஃபிரிட்ஜைத் திறந்தபடி ஒன்றையும் எடுக்காமல் நிற்கிறேன்.
அறைக்குள் இருந்து மகள்:
"அம்மா, உந்தக் கதவைச் சாத்துங்கோ."

உந்த.
சென்னையில் சொன்னால் விளங்காது.
மொன்றியலில் சித்தப்பாவின் பிள்ளைகள் சிரிப்பார்கள்.
அதுவும் இல்லை, இதுவும் இல்லை,
கேட்கிற ஆளுக்குப் பக்கத்தில் இருப்பது.
நான் நீட்டினால் எட்டாது,
உன் கைக்கு எட்டும்.

காலையில் ஐனோவுக்கு இதை விளங்கப்படுத்த
அரை மணித்தியாலம் போனது. பதின்மூன்று டொலர்.
நீ அந்தக் கரை, நான் இந்தக் கரை,
ஊரை உன் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறேன் என்றேன்.
அவள் ஒரு சப்பாத்துக்குள் மட்டும் காலை விட்டபடி
ஆற்றைப் பார்த்தாள்.
பிறகு கேட்டாள்:
"எத்தனை எழுத்து? சீட்டில் இடமில்லை."
புள்ளி வைத்ததையும் எண்ணினால் நாலு.

கூட்டத்துக்கு ரிசேர்விலிருந்து வந்த டெலீனா வபாசே
ஆற்றுக்குத் தங்கள் மொழியில் ஒரு பெயர் இருக்கு என்றாளாம்.
எழுதித் தரச் சொன்னார்கள்.
வாக்கெடுக்கிறதுக்குத் தரமாட்டேன் என்று
கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாளாம்.
அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

'த'வும் 'த' இல்லாததும் ஆளையாள் தின்ன
நடுவில் சின்னக் கோடு போட்ட பெயர் வென்றது.
பாலத்தில் பலகை மாட்டினார்கள்.
மூன்றாம் நாள் ஆரோ ஒரு பாதிக்கு மட்டும்
கறுப்பு மை அடித்திருந்தார்கள்.
எந்தப் பாதி என்று சொல்ல மாட்டேன்.

மார்கழியில் ஒரு பின்னேரம்
குலசிங்கம் ரூபவதியக்காவோடு போனில்.
"உங்கை பனி கொட்டுதோ?"
"இன்னும் இல்லை. உங்கை?"
யன்னலுக்கு வெளியே
ஒரே ஆறு.