பதினாலு பேர்

நாலரைக்குக் கம்பம் உழவர்சந்தை முக்கில் ஜீப் நிற்கும்.
எட்டுப் பேர் உட்காரலாம்.
நாங்கள் பதினாலு.
ஆகவே பாதிப் பேருக்கு இருக்கை,
மீதிப் பேருக்கு மடி.
எனக்கு ஒச்சம்மாள் மடி.
மூன்று வருசமாக அவள் முட்டி எலும்பு
தொடையில் எந்த வளைவில் எங்கே குத்தும் என்று
கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.

கம்பம்மெட்டு செக்போஸ்டில் ஒருநாள்
புதுப் போலீஸ் ஒருவர் தார்ப்பாயைத் தூக்கி டார்ச் அடித்தார்.
"எத்ர பேருண்டு?"
ஸ்டியரிங்கை விடாமலே மைதீன்பிச்சை சொன்னார்:
"ஒரே குடும்பம் சாரே. வண்டன்மேட்டுல ஒரு விசேசம்."

தூக்குவாளி, ஆம்பளைச் சட்டை, தலைத்துண்டு சகிதம்
விசேசத்துக்குக் கிளம்பிய எங்களை
ஒவ்வொரு முகமாகப் பார்த்தது டார்ச்.
"இது ஆரா?"
"எம் மருமக" என்றாள் சுருளியம்மா,
தன்னைவிட ஆறு வயது மூத்த காமுத்தாயைக் காட்டி.
முந்தானையை வாயில் திணித்துக்கொண்டோம்.
"இதோ?"
"எங்கண்ணன் பொண்டாட்டி."
என் இடுப்பைக் கிள்ளிச் சொன்னாள் ஒச்சம்மாள்,
அண்ணனே இல்லாதவள்.
"போ, போ."

அன்று முழுக்க ஏலச்செடிக்குள்ளே
மாமியார் மருமகளை மிரட்டிக்கொண்டிருந்தாள்:
"பாத்து எடுடி, ஒங்காத்தா வீட்டுக் காயா இது?"
அட்டையைப் பிடுங்கி எறிந்தபடி சிரித்தோம்.
சாயங்காலம் இறங்கும்போது
விளையாட்டு முடிந்திருக்க வேண்டும்.

காமுத்தாய்க்குக் கர்ப்பப்பை எடுத்தபோது
க.விலக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில்
எட்டு ராத்திரி படுத்துக் கிடந்தது,
மூத்திரப்பையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தது,
அந்த மாமியார்தான்.
பெற்ற மகன் திருப்பூரில் லீவு கேட்டுக்கொண்டிருந்தான்.

என் மகளுக்குக் காது குத்தக்
கோம்பைக்குப் போன் போட்டேன்.
சாதி மாறிக் கட்டியவளுக்கு
அண்ணன்கள் ரெண்டு பேர்; மடி ஒன்றும் இல்லை.
சின்னவன் எடுத்தான்.
மூச்சுச் சத்தம் கேட்டது.
வைத்துவிட்டான்.

சுருளி கோயில் வாசலில்
"தாய்மாமன் யாரும்மா?" என்று ஆசாரி கேட்டபோது
சலவை வேட்டியில் ஏற்கெனவே
சம்மணம் போட்டிருந்தார் மைதீன்பிச்சை.
தட்டில் பட்டுப்பாவாடை, வாழைப்பழம்,
அரைக்கிராமில் ஒரு ஜோடித் தோடு.
"தொப்பியக் கழட்டிரவா தாயி?"
"இருக்கட்டும்ணே."
பிள்ளை அலறி
அவர் சட்டையில் மூக்கைத் துடைத்தது.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை.

ஒச்சம்மாளிடம் கைமாற்றாக வாங்கிய மூவாயிரத்தை
நான் திருப்பவில்லை.
அவளுக்குச் சீட்டுக் கட்டும் தேதி தாண்டியது. பேச்சு தடித்தது.
"நீ யாருடி எனக்கு?
கூடப் பொறந்தவளா, கொண்டு குடுத்தவளா?"

மறுநாள் அதே போலீஸ், அதே டார்ச்.
"குடும்பம் ஆணோ?"
அவர் பாதி சிரித்தபடிதான் கேட்டார்.
என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது:
"இல்ல சார். கூலிக்குப் போறோம்.
யாருக்கு யாரும் ஒண்ணுமில்ல."

எழுதிவிட்டார் அபராதம்.
தலைக்கு இருநூறு என்று பிரித்தார்கள்.
சேலை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு போனேன்.
"ஒன்னுது வந்துருச்சு" என்றார் மைதீன்பிச்சை,
நோட்டிலிருந்து தலை நிமிராமல்.
யார் கொடுத்தது என்று அவர் சொல்லவில்லை,
நான் கேட்கவுமில்லை.
என் கணக்கில் இப்போது மூவாயிரத்து இருநூறு.

பத்து நாளாயிற்று.
ஒச்சம்மாள் இன்னும் பேசவில்லை.
இன்றைக்கு நாலரைக்கு
நான் ஏறி உட்காரும்போது பார்த்தேன்.
ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள்.
முட்டியை மட்டும்
எலும்பு குத்தாதபடி
கொஞ்சம் சாய்த்து வைத்திருந்தாள்.