காது தெரியட்டும்

என் வாழ்நாளில் நான் அதிகம் சொன்ன வாக்கியம்
காதலைப் பற்றியதாக இருந்திருக்கலாம்.
காதைப் பற்றியதாகப் போயிற்று.
காது தெரியட்டும்.
மோவாயை இறக்குங்கள்.
பல் வேண்டாம்.
முப்பத்தோரு வருஷமாக, கியூம்ரியில்,
கறுப்புக் கல் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில்,
மருந்துக்கடைக்கும் செருப்பு தைக்கிறவருக்கும் நடுவே.

மார்ச் பிறந்தால் வாசலில் ஆண்கள் வரிசை.
ஓம்ஸ்க், சுர்குத், கிராஸ்னோயார்ஸ்க்:
ஊரான் ஊரில் சுவர் எழுப்பப் போகிறவர்கள்.
பூகம்பத்தின் விரிசல்
அவரவர் வீட்டுச் சுவரில் இன்னும் இருக்கிறது.
என்னிடமுள்ள ஒரே கோட்டு நாளெல்லாம் தோள் மாறும்.
கழுத்துப் பட்டையில் யாருடைய வியர்வை என்று
சாயங்காலம் சொல்ல முடியாது.
நாற்காலியில் உட்கார்ந்ததும்
எல்லோருக்கும் ஒரே மூஞ்சி வந்துவிடும்,
செய்யாத குற்றத்தை
ஒப்புக்கொள்ளலாமா என்று யோசிக்கிறவன் மூஞ்சி.

சிரித்துவிட்டால் திருப்பி அனுப்புவார்கள்.
கண் மூடினால், தலை சாய்ந்தால், நிழல் விழுந்தால்.
திரும்பி வந்தவற்றைக் கிழிக்க வேண்டும் என்றுதான் இருந்தேன்.
பெரிய பிஸ்கட் டப்பா ஒன்று காலியாக இருந்தது,
அவ்வளவுதான் காரணம்.

மார்செய்யிலிருந்து மகள் ஒருநாள் கேட்டாள்,
பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம்:
"அம்மா, மனிதர்களையே எடுத்தாய் இத்தனை காலம்.
யாரையாவது பார்த்தாயா?"
குத்தலாகக் கேட்கவில்லை அவள்.
குத்தியது.

போன நவம்பரில் அருஸ்யாக் வந்தாள்.
எதிர்ச்சாரியில் கல்லறைக் கல்லில்
முகம் பொறிக்கும் ஹ்ராச்சிக்
அவளைத் திருப்பி அனுப்பியிருந்தான்:
"இந்தப் படத்தில் உன் புருஷன் விசா கேட்கிறான், அக்கா.
வேறு இருந்தால் கொண்டு வா."
வேறு இல்லை.
பத்தொன்பது வருஷத்தில் வீட்டில் இருந்தது குளிர்காலங்கள் மட்டும்.
குளிர்காலத்தில் யார் படம் எடுக்கிறார்கள்?

டப்பாவைத் தரையில் கொட்டினோம்.
இரண்டு பேரும் மண்டியிட்டு,
அரிசியில் கல் பொறுக்குவதுபோல்.
தும்முகிறவர்கள், கொட்டாவி விடுகிறவர்கள்,
வெளியே யாரோ கூப்பிடத் திரும்பிய பாதி முகங்கள்.
இத்தனை பேர் என் கடைக்கு வந்தார்களா?

செய்ரான் கிடைத்தான். இரண்டாயிரத்து மூன்று.
ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து,
வாய் ஒரு பக்கமாகக் கோணி.
ஏன் அப்படி என்று எனக்கு நினைவில்லை,
ஈயாக இருக்கலாம்.
அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"சூப்பில் உப்பு இல்லை" என்றாள்.
"என்ன?"
"உப்பு இல்லை என்று சொல்லமாட்டான்.
இப்படிப் பார்ப்பான்."

அதைக் கல்லுக்குக் கொடுக்கவில்லை.
கல்லில் விசா கேட்கிறவனே இருக்கட்டும்,
வருகிறவர்கள் அவனைத்தான் அறிவார்கள் என்றாள்.
இதில் நாலு பிரதி போடு, வெர்கினே.
நாலு எதற்கு?
எப்போதும் நாலுதானே போடுவாய்.

பணம் வாங்கினேன். வாங்காவிட்டால் அழுதிருப்பாள்.
அன்றிரவு டப்பாவை அடுக்கிவைக்க உட்கார்ந்து
அடுக்காமல் விடிந்தது.
மகளுக்குப் போன் செய்யவில்லை.
என்னவென்று சொல்வது,
ஒரு ஈயைப் பிடித்தேன் என்றா?

இந்த மார்ச்சில் முதல் ஆளாக ஒரு பையன்.
மிகிர் என்று பெயர், பதினெட்டு முடியவில்லை,
காதை மறைத்து முடி.
கோட்டு அவனைப் போட்டுக்கொண்டிருந்தது.
காது தெரியட்டும் என்றேன்.
ஒதுக்கினான். மூச்சைப் பிடித்தான். எடுத்தேன்.
அரசாங்கத்துக்கு வேண்டியது அவ்வளவே.

"முடிந்தது" என்றேன்.

தோள் இறங்கியது. உதட்டை நக்கிக்கொண்டான்.
எங்கிருந்தோ அவன் முகம்
அவன் முகத்துக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

"முடிந்தது என்றீர்களே,
அப்புறம் ஏன்
இன்னும் குனிந்தே நிற்கிறீர்கள்?"